தெரியாது என்ற சொல்

பன்னிரண்டாவது முறையாகத் திரையில் அந்த அதிகாரி குந்தினான். படம் தொடங்கியதிலிருந்து பெரியவர்கள் எவருக்கும் முகம் கிடையாது. கேமரா அந்தச் சிறுமியின் உயரத்திலேயே நகர்கிறது, ஆகவே பெல்ட்டுகள், கால்சட்டை முட்டிகள், சேறு காய்ந்த பூட்ஸ்கள், ரொட்டி மாவு ஒட்டிய ஒரு அம்மாவின் கைகள், இவ்வளவுதான் உலகம். இந்த இடத்தில்தான் முதன்முதலாக ஒரு பெரியவன் முட்டி மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, தன் முகத்தைச் சிறுமியின் முகத்துக்கு நேரே கொண்டுவருகிறான். சவரம் செய்த, தூக்கம் கெட்ட, கெட்டவன் என்று சட்டென்று சொல்லிவிட முடியாத முகம். ஏதோ கேட்கிறான். சிறுமிக்குத் தமிழில் குரல் கொடுக்க நிற்கும் இமெல்டாவுக்கு அந்த மொழி தெரியாது. எதிரே ஸ்டாண்டில் கிளிப் போட்டிருக்கும் தாளில் அது தமிழில் இருக்கிறது: உன் அண்ணன் எங்கே, கண்ணு? அதன் பிறகு பதினோரு விநாடிக்கு வசனமே இல்லை, சிறுமியின் மூச்சு மட்டும். பிறகு ஒரே ஒரு சொல். தெரியாது. இமெல்டா சொன்னாள். ஹெட்போனில் அவள் குரலே அவளுக்குத் திரும்பி வந்தது, ஐந்து வயதுக் குரல், எச்சில் ஈரமும் மூக்கடைப்பும் எல்லாம் சரியாக. ஆனால் சொல் விழுந்த இடத்தில் ஏதோ பள்ளம் இருந்தது, வாசல்படி இருக்கிறது என்று காலை வைத்து அது இல்லாமல் போனதுபோல. "சூப்பர்க்கா," என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் இயக்குநர் சுகவனம். "ஆனா இன்னொண்ணு போயிரலாம்." சூப்பர் என்று சொன்னால் சரியில்லை என்று அர்த்தம். பதினெட்டு வருடமாக அவரோடு வேலை செய்கிறாள், தெரியாதா.

பதினெட்டு வருடமாகச் சாலிக்கிராமத்தில் இந்த மாதிரி இருட்டறைகளில் நின்றுகொண்டு எத்தனை பிள்ளைகளாக அழுதிருக்கிறாள், சிணுங்கியிருக்கிறாள், பிஸ்கட் கேட்டிருக்கிறாள், பேயாக வந்து அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். நாற்பத்தொரு வயது, முழங்கால் வலி, சர்க்கரை மாத்திரை, ஆனால் தொண்டையில் மட்டும் ஒரு குழந்தை வளராமல் உட்கார்ந்திருக்கிறது, அதைக் கேட்டுத்தான் ஆட்கள் வருகிறார்கள். நிஜப் பிள்ளைகளை வைத்துச் செய்தால் தூங்கிவிடும், பசிக்கிறது என்னும், வாயசைவுக்குச் சிங்க் பிடிக்காது. இமெல்டா ஒரே டேக்கில் முடித்துவிடுவாள். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அப்படிப்பட்டவள் காலை பத்தரைக்கு ஆரம்பித்த ஒற்றைச் சொல்லில் பன்னிரண்டு டேக் நின்றுகொண்டிருக்கிறாள். எதனால் என்று தன்ராஜுக்குத் தெரியாது. சவுண்ட் என்ஜினியர், மேசையில் குனிந்து ஏதோ குமிழைத் திருகிக்கொண்டிருக்கிறான், மைக்கில்தான் ஏதோ கோளாறு என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டிருக்கலாம். சுகவனத்துக்குத் தெரியாது. வாயசைவு என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம், அந்த மொழியில் அந்தச் சொல் இரண்டு அசை, தமிழில் நான்கு. தாளில் முதலில் 'எனக்குத் தெரியாது' என்று இருந்தது, வாய் மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருந்தது. 'எனக்கு' என்பதை அடித்தார்கள். 'தெரியல' என்று போட்டுப் பார்த்தார்கள், அது அலட்சியமாக இருந்தது. மறுபடி தெரியாது. "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா," சுகவனம் டாக்பேக் மைக் வழியாக அவள் ஹெட்போனில் வந்தார், மெதுவாக, புண்ணைத் தொடுகிறவர்போல. "இந்தப் பாப்பாவுக்கு எல்லாம் தெரியும். அண்ணன் பின்னாடி ரொட்டி அடுப்புக்குள்ள இருக்கான்னு தெரியும். ஆனா மூஞ்சியில ஒண்ணுமே இல்ல பாருங்க. சும்மா சொல்றா. நீங்க சொல்றப்ப, பொய் சொல்றா, பயப்படறான்னு காதுலயே மாட்டுது. அவ்வளவு வேண்டாம்." சரி, என்றாள் இமெல்டா. அவ்வளவு வேண்டாம். எவ்வளவு வேண்டும்.

மறுபடி திரை கறுப்பு, மறுபடி பெல்ட், மறுபடி முட்டி மடங்குகிறது. குந்தாதே, என்று நினைத்தாள். நின்றபடியே கேட்டிருந்தால் ஐந்து வயதில் அவளுக்கும் பயமாக இருந்திருக்கும். பயத்தில் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை, அழும், அவ்வளவுதான். கடலுக்கு அந்தப் பக்கம் அவள் ஊருக்கு அன்றைக்கு வந்த சிப்பாய்கள் எல்லாரும் நின்றபடிதான் கத்தினார்கள், வேலி பிரித்து வந்த சப்பாத்துகள், அம்மா கூட்டி வைத்திருந்த முற்றத்து மணலில் வட்ட வட்டமாகக் குழி, பூவரச மரத்தடியில் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டுபேரும் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார்கள், இமெல்டாவின் வாயை அம்மாவின் சேலைத் தலைப்பு மூடியிருந்தது, மீன் வாசம், சவர்க்கார வாசம். ஒருவன் மட்டும் குந்தினான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. வெயில் அவனுக்குப் பின்னால் இருந்ததால் காதுகள் இரண்டும் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தன, அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், காதுக்குள்ளே விளக்கு இருக்கிறதா என்று. பாப்பா, என்றான், உடைந்த தமிழில், மாமா எங்க? அந்தக் காலையில் அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. பேசாதே, அசையாதே, அழாதே, வா, போ, இவைதான். இவன் மட்டும் அவளிடம் கேட்டான், அவளிடம் மட்டும், அவ்வளவு பெரிய ஆட்களை விட்டுவிட்டு. அவளுக்கோ விடை தெரிந்திருந்தது. சேலைத் தலைப்பை விலக்கிவிட்டு... "தெரியாது," என்றாள் மைக்கில். ஹெட்போனில் சொல் கொஞ்சம் முந்தி விழுந்தது. "ஏர்லி," என்றான் தன்ராஜ்.

மாமா எந்தப் பக்கமும் சேராதவர். அமலதாஸ் என்று பெயர், அம்மாவின் தம்பி, அப்பா கடலில் போன பிறகு அவர்தான் வீட்டுக்கு ஆம்பிளை, கிழிந்த வலை பொத்துகிறவர், கோயில் பெருநாளுக்குச் சோடனை கட்டுகிறவர். ஆனால் இருபத்திரண்டு வயது. பிடித்துப்போக அந்த வயதே போதுமாக இருந்தது. ஆமி வருகிறது என்றால் பின்னால் வலைக்கொட்டிலில் குவிந்து கிடக்கும் பழைய வலைகளுக்குள் புகுந்துகொள்வார், இமெல்டாவும் அவரும் ஒளித்துப் பிடித்து விளையாடும்போதும் அதே இடம்தான், அதனால் விளையாட்டு என்று நினைத்துச் சொல்லிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொண்டும் இருந்தாள், பள்ளிக்கூட நாட்களில் எல்லாம் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தாள், ஐந்து வயது, விளையாட்டு, என்ன தெரியும். ஆனால் அம்மாவின் தாடை நடுங்கியதைப் பார்த்தாளே. தலை நிமிர்ந்து பார்த்தாள், தாடைதான் தெரிந்தது, கீழிருந்து பார்த்தால் தாடைதான் தெரியும், அது தனியாக ஒரு பிராணிபோல ஆடிக்கொண்டிருந்தது. விளையாட்டில் யாருக்காவது தாடை ஆடுமா. அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அதை நினைக்கக்கூடாது என்று இந்த மைக்குக்கு முன்னால் வந்து நின்றதிலிருந்து சுற்றிச் சுற்றி வேறு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறாள், வாயசைவு, அசை, மூச்சு. அன்று காலையில் மாமா அவளை ஓட்டைப்பல்லி என்று கூப்பிட்டார். முதல் நாள்தான் முன்பல் விழுந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் கூப்பிட்டார், எல்லாரும் சிரித்தார்கள், அவள் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, அமல் மாமா வேண்டாம், அமல் மாமா வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அப்படியென்றால் அது விளையாட்டா, கோபமா. வந்தவனுக்கும் பல் உடைந்திருந்ததாலா. பாசமாகக் கேட்டான் என்பதாலா. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பழிவாங்கத் தெரியுமா. தெரியும் என்று சில நாள் தோன்றும். அந்த நாட்களில் இமெல்டா தன் மகள் பல் விழுந்த வயதில் என்னவெல்லாம் பேசினாள் என்று யோசித்து, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருக்கிறாள்.

"அக்கா, தண்ணி குடிக்கறீங்களா?" வேண்டாம், போடுங்க. பதினாறாவது டேக். அதிகாரி குந்துகிறான். நல்லவன்போலத்தான் இருக்கிறான். நடிகன்தானே, பல் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, எங்கோ அவனுக்கும் வீடு இருக்கும், தேநீர் இடைவேளை இருந்திருக்கும், அந்தச் சிறுமிக்கு மிட்டாய் கொடுத்திருப்பான். உன் அண்ணன் எங்கே, கண்ணு. ஒன்று. இரண்டு. சிறுமி அவன் சட்டைப் பொத்தானைப் பார்க்கிறாள். நான்கு. வெளியே கோழி ஒன்று கத்துகிறது. ஆறு. இவளால் எப்படி முடிகிறது, இந்தச் சின்னதுக்கு, இந்தப் பதினோரு விநாடி அவளுக்கு யார் கொடுத்தது. இமெல்டாவுக்குப் பதினோரு விநாடி இருக்கவில்லை, அவன் கேட்டு முடிப்பதற்குள் கை மேலே போய்விட்டது, டீச்சர் கேட்டதும் தூக்குகிற கைபோல. எட்டு. ஒன்பது. இப்போது சொன்னால் போதும். சொன்னால் அவன் எழுந்துவிடுவான், பெல்ட்டாகிவிடுவான், போய்விடுவான். பத்து. மூச்சை உள்ளே இழுத்தாள், அடிவயிற்றில் பிடித்தாள், எல்லாம் சரியாக இருந்தது, வாய் திறந்தது, ஐந்து வயதுக் குரல் தெளிவாக, பெருமையாக, மணிபோல வந்தது. "தெரியும்."

ஒரு நொடி கழித்துத்தான் அது என்ன சொல் என்று புரிந்தது. தன்ராஜ் சிரித்துவிட்டான். "அக்கா, மாத்திட்டீங்க! ஆனா சிங்க் பக்காவா உக்காந்துச்சு." சுகவனம் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "நீங்க ஒரு பத்து நிமிஷம் வெளிய காத்தாட நின்னுட்டு வாங்க. இல்லேன்னா ஒண்ணும் பிரச்சனையில்ல, இந்த ஒரு லூப் மட்டும் நாளைக்கு ஒரு சின்னக் கொழந்தைய வரச்சொல்லி எடுத்துக்கலாம். எங்க அபார்ட்மென்ட்லயே ஒரு பாப்பா இருக்கு. ஆறு வயசு. நல்லா பேசும்." இமெல்டா ஹெட்போனைக் கழற்றினாள். காதுமடல்கள் சுட்டன. ஆறு வயதுப் பாப்பாவை இங்கே நிறுத்தி, இந்த முகத்துக்கு முன்னால் நிறுத்தி, சொல்லு கண்ணு என்பார்கள். அது சொல்லிவிடும். அதற்கென்ன. சும்மா சொல்லிவிடும், பிறகு ஜூஸ் கேட்கும். வேண்டாம் என்றாள், சத்தமாக, தேவைக்கு மேல் சத்தமாக. "வேண்டாம் சார். நானே பண்றேன். பத்து நிமிஷம்."

மாடிப்படியில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கீழே தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது, வா வா வா என்று ஒரு ஆள் தட்டிக்கொண்டிருந்தான். அம்மாவின் எண்ணை எடுத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா கும்மிடிப்பூண்டி முகாமில்தான் இன்னமும் இருக்கிறாள், திரேசம்மா என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும், வா என்னோடு இரு என்றால், எனக்கு இந்தச் சனம் வேண்டும் என்பாள். தினமும் பேசுகிறார்கள். என்ன கறி, யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கலியாணம். முப்பத்தாறு வருடத்தில் ஒரு நாளும் அந்த முற்றத்தைப் பற்றி, திரும்பி வராத மாமாவைப் பற்றிப் பேசியதில்லை. அம்மா சொன்னதில்லை, இவள் கேட்டதில்லை, இருவரும் சேர்ந்து அந்த இடத்தைத் தாண்டித் தாண்டி நடந்து பழகிவிட்டார்கள், அங்கே ஒரு கிணறு இருப்பதுபோல. ஒருவேளை அம்மாவுக்கு நினைவே இல்லையோ. ஒருவேளை நான் சொன்னதே அவளுக்குக் கேட்கவில்லையோ, அவர்கள் தாமாகத் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாளோ, இன்றைக்கு நான் கேட்டால் இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியவருமோ. எழுபது வயதில். பிரஷர்காரி. விரல் பட்டுவிட்டது, ரிங் போய்விட்டது. "என்ன பிள்ளை இந்நேரம்? வேலைக்குப் போகேல்லையா?" பின்னால் குழாயடிச் சத்தம், குடங்கள். "வேலையிலதான் நிக்கிறன் அம்மா." "சாப்பிட்டனியா?" "அம்மா." "என்ன?" "அமல் மாமாவை நான்தானே காட்டிக் குடுத்தனான்?"

குழாயடியில் யாரோ யாரையோ வரிசையில் வரச்சொன்னார்கள். அம்மா நடக்கிறாள், செருப்புச் சத்தம், ஒரு கதவு சாத்தும் சத்தம். இல்லை பிள்ளை என்று சொல்லப்போகிறாள் என்று இமெல்டா எதிர்பார்த்தாள், சின்னப் பிள்ளை நீ, உனக்கென்ன தெரியும், அவங்கள் எப்படியும் பிடிச்சிருப்பாங்கள், எல்லாத் தாய்மாரும் சொல்லுவார்களே. "ஓம்," என்றாள் அம்மா. "நீதான் சொன்னனீ." படியின் கைப்பிடிக் கம்பி வெயிலில் சுட்டது, கையை எடுக்கத் தோன்றவில்லை. "வலைக்குள்ள எண்டு சொன்னனீ. விரலாலயும் காட்டினனீ. நான் உன்ர கையைத் தட்டிவிடலாம் எண்டு நினைச்சன், தட்டினா அவங்களுக்குத் தெரிஞ்சிடும் எண்டு தட்டேல்ல. அதை நான் எத்தினை தரம் நினைச்சிருப்பன். தட்டியிருக்கலாமோ எண்டு." "நீங்க என்னோட கோவமா இருந்தீங்களா அம்மா?" "இருந்தனான்." மூச்சு வாங்கினாள். "பொய் சொல்லக் கூடாது. இருந்தனான். ஒரு வருசம் இருக்கும். உன்ர முகத்தைப் பாக்க ஏலாமல் இருந்தது. சீப்பெடுத்து உனக்குத் தலை இழுத்துவிட மாட்டன், பக்கத்துக் கொட்டில் சனத்திட்ட அனுப்புவன். போட்ல வரேக்க நீ என்ர மடியில ஏறினாய், நான் இறக்கிவிட்டன். கடல்ல வச்சு. ஐஞ்சு வயசுப் பிள்ளையை." இமெல்டாவுக்கு அது நினைவில்லை. போட் நினைவிருக்கிறது, இருட்டும் டீசல் நாற்றமும் நினைவிருக்கிறது, மடி நினைவில்லை. "பிறகு?" என்றாள். கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "பிறகு?"

"பிறகு மண்டபம் முகாமில பள்ளிக்கூடத்தில சேர்க்கக் கொண்டுபோனன். துண்டு ஒண்டும் இல்லைதானே எங்களிட்ட, பிறந்த தேதிக்கு. அந்த வாத்தியார் உன்னைக் கூப்பிட்டு, வலக்கையைத் தலைக்கு மேலால போட்டு இடக் காதைத் தொடு எண்டார். தொட்டா வயசு சரி எண்டு எடுப்பினம். நீ போட்டாய். எட்டேல்ல. கழுத்தைச் சரிச்சுச் சரிச்சுப் பாத்தாய், எட்டேல்ல. விரல் வந்து காதுக்கு மேல முடியில நிண்டுது. நீ என்னைத் திரும்பிப் பாத்தாய், நான் அடிக்கப்போறன் எண்ட மாதிரி." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அப்பதான் பிள்ளை நான் உன்னைப் பாத்தன். எவ்வளவு சின்னது எண்டு. ஒரு வருசத்துக்குப் பிறகும் காது எட்டாத பிள்ளை. அண்டைக்கு அந்த மணல் முத்தத்தில நிண்டது இதிலும் சின்னது. இதிட்டயா நான் என்ர தம்பியைக் கேட்டுக்கொண்டு திரியிறன் எண்டு நினைச்சன். வரேக்க உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தனான். நீ இறக்கி விடுங்கோ எண்டு கத்தினாய், வெக்கத்தில." லாரி போய்விட்டிருந்தது. தெரு ஈரமாக இருந்தது. இவ்வளவும் இந்த மனுஷி வைத்துக்கொண்டு என்ன கறி, என்ன காய்ச்சல் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். "அவர் அண்டைக்கு என்னை ஓட்டைப்பல்லி எண்டவர் அம்மா, நான் அவர் வேண்டாம் எண்டு சொன்னனான், அந்தக் கோவத்திலதான்..." "போடி," என்றாள் அம்மா, திடீரென்று கோபமாக. "நீ அவனோட நாளுக்கு நாலு தரம் கோவிப்பாய். நாலு தரம் தோளில ஏறுவாய். அதையெல்லாமா கணக்கில எடுக்கிறது? போய் வேலையைப் பார். குடத்தை அங்க விட்டிட்டு வந்திட்டன்." வைத்துவிட்டாள்.

கண்ணைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, அதற்காக அவர்கள்மேல் நன்றியாக இருந்தது. இலேசாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஓம் என்ற சொல் நெஞ்சுக்குள் அப்படியே கிடந்தது, பெரிய கல்லாகத்தான் கிடந்தது, ஆனால் முன்பு அங்கே கல்லா ஆளா என்று தெரியாத ஏதோ ஒன்று இருட்டில் உட்கார்ந்திருந்தது. கல் பரவாயில்லை. கல் அசையாது. ஹெட்போன் மாட்டினாள். கறுப்பு, பெல்ட், முட்டி. அதிகாரி குந்தினான். இப்போது அவனைப் பார்க்கவில்லை, சிறுமியைப் பார்த்தாள். அவன் குந்தியிருக்கிறான், அப்படியும் அது நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. கழுத்து எவ்வளவு மெல்லிசு. ஸ்வெட்டரின் கை நீளமாக இருக்கிறது, விரல் நுனி மட்டும் வெளியே. இந்தப் பிள்ளையால் காதைத் தொட முடியுமா, என்று நினைத்தாள். முடியாது. ஏழு, எட்டு. மாமா அவிழ்ந்த வலையோடு வெளியே வந்தபோது கால்விரல் கண்ணியில் மாட்டியிருந்தது, குந்திக் கேட்டவனேதான் மறுபடி குந்தி அதை எடுத்துவிட்டான், மெதுவாக, கிழியாமல். பிறகு அவள் கன்னத்தில் தட்டி நல்ல பாப்பா என்றான். பத்து. பதினொன்று. "தெரியாது," என்றாள்.

தன்ராஜ் குமிழில் வைத்த கையை எடுக்கவில்லை. சுகவனம் கண்ணாடியில் தலையை ஆட்டினார், சூப்பர் என்று சொல்லவில்லை. "ஓகேக்கா. அடுத்தது போலாம். வசனம் கெடையாது, ரியாக்‌ஷன்தான்." தாளில் அடுத்த வரியில் வெறும் சிரிப்பு என்று எழுதியிருந்தது. இமெல்டா படத்தை முன்கூட்டிப் பார்த்தவளில்லை, சின்னச் சின்னத் துண்டாக, லூப் லூப்பாகத்தான் தருவார்கள். போர்ப் படம், எப்படியும் பிடித்துவிடுவார்கள், சுட்டுவிடுவார்கள், இது யாரோ பைத்தியத்தின் சிரிப்பாக இருக்கும், இல்லையென்றால் கனவு என்று நினைத்துக்கொண்டாள். திரை விழித்தது. அதிகாரி எழுந்தான், பெல்ட்டானான், பூட்ஸானான், அந்த பூட்ஸ்களும் கதவைத் தாண்டிப் போயின. வண்டி கிளம்பும் சத்தம். சிறுமி அசையாமல் நின்றாள். அம்மாவின் கைகள் அடுப்பின் இரும்புக் கதவைப் பிடித்து இழுத்தன, திறக்கவில்லை, மறுபடி இழுத்தன. இமெல்டா தன் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து ஒரு கை வந்தது, ஒரு தோள் வந்தது, பிறகு தலையெல்லாம் கரியும் சாம்பலுமாக ஒரு பையன், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், தும்மினான், சாம்பல் புகைபோலப் பறந்தது, மறுபடி தும்மினான். உயிரோடு. முழுசாக. கண் இரண்டும் வெள்ளையாகச் சிறுமியைப் பார்த்தன.

இமெல்டா தன் இடத்தைத் தவறவிட்டாள். சிரிக்க வேண்டிய இடம் போய், படம் ஓடி, அவனது கரிக் கைகளுக்குள் சிறுமி போய்ச் சேர்ந்தாகிவிட்டது. இமெல்டாவின் வாய் திறந்தபடியே இருந்தது. சுகவனம் நிறுத்தவில்லை, தன்ராஜைப் பார்த்து விரலால் ஒரு வட்டம் காட்டினார், படம் திரும்பப் போனது. இந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லா அழுகையும் தெரியும், பத்து வகை, பதினைந்து வகை, தொண்டையில் அடுக்கி வைத்திருக்கிறாள், பசியழுகை, பொய்யழுகை, ஆள் போன பிறகு வரும் அழுகை. இது இல்லை. வண்டி போய்விட்டது. இரும்புக் கதவு திறந்தது. கை, தோள், தலை. அவன் தும்மினான். மூக்கின் நுனியில் ஒரு பொட்டுச் சாம்பல் ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தது, அவனுக்கு அது தெரியவேயில்லை, அவ்வளவு பெரிய ஆளுக்கு. அடிவயிற்றில் எங்கோ ஏதோ உடைந்து மேலே ஏறியது, அழுகைதான் என்று இமெல்டா பயந்தாள், வாயைத் திறந்தாள், சிரிப்பாக வந்தது.